பன்னிரண்டாயிரம் லிட்டர்

வெள்ளிக்கிழமை மாலை கம்பெனி மாறியது.
பழையவர்கள் ஒரு வளையத்தில்
நாற்பத்துமூன்று சாவி விட்டுப் போனார்கள்.
எது எந்தப் பூட்டுக்கு என்கிற பட்டியலை விடவில்லை.
திங்கள் முழுக்க கஜபதி
ராயபுரம் யார்டின் ஒவ்வொரு கதவிலும்
காது வைத்துத் திருப்பிப் பார்த்தார்,
நெஞ்சு பார்க்கிற டாக்டர் மாதிரி.

நான் கவுன்டர்.
பழைய சட்டையில் டெல்ஃபின் என்று பெயர் இருந்தது.
புதுச் சட்டையில் 'விருந்தினர் அனுபவம்' என்று இருக்கிறது.
சட்டை மூன்றாம் நாளே வந்துவிட்டது.
சம்பளம் வழியில் இருக்கிறது என்கிறார்கள்.

புது மேலாளர் புனேயில் இருக்கிறார்.
லேப்டாப்பில் வருவார், கழுத்து வரைக்கும்.
"வண்டி காலை ஒன்பதுக்கு.
ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்கு ஆள்?"
"பாய்லர் சார். மெதுவாத்தான் சூடேத்தணும்.
அவசரப்பட்டா ரிவெட் விட்ரும்" என்றார் கஜபதி.
அந்தப் பக்கம் யாரோ டைப் அடிக்கிற சத்தம்.
புதன்கிழமை மெயில்:
இரவு ஓவர்டைம் ரத்து.
எஞ்சினை எட்டரைக்கு ஸ்டார்ட் செய்யவும்.
படித்துவிட்டு எல்லோரும் சிரித்தோம்.
கஜபதி மட்டும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு.
இரண்டு பெட்டி, நூற்றிருபது டிக்கெட்.
நெருப்பில்லாத எஞ்சினை
ஒரு டீசல் பின்னாலிருந்து தள்ளியது,
குடித்துவிட்டு விழுந்த மாமனை
மச்சான் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி.
புகைபோக்கிக்குள்
கல்யாண மேடைக்கு வைக்கிற புகை மெஷின்,
வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு.
கூவல் ஸ்பீக்கரில்.
பாலத்துக்குக் கீழே ஒருமுறை ப்ளூடூத் அறுந்து, ஒட்டி,
"கனெக்டெட்" என்றது எஞ்சின்
ஒரு பெண் குரலில்.

வண்டி திரும்பியதும்
கவுன்டர் பலகைக்கு மேலே ஒரு கை மட்டும் வந்தது, டிக்கெட்டோடு.
ஏழு வயதிருக்கும்.
"ஆன்ட்டி, புகையில கரி வாசனையே இல்ல.
ரோஸ் வாசனை வருது."
அவன் அப்பா வேறெங்கோ பார்த்தார்.

பணம் திருப்பித் தர
மென்பொருள் காரணம் கேட்டது.
மழை. உடல்நலம். இரட்டைப் பதிவு.
ரோஸ் வாசனை அதில் இல்லை.
மழை என்று அழுத்தினேன்.
மே மாதம்,
வானம் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
அன்றைக்கு அறுபத்தெட்டுப் பேருக்கு மழை பெய்தது.

அப்போதுதான் லாரி வந்தது.
பாய்லருக்குத் தண்ணீர், பன்னிரண்டாயிரம் லிட்டர்,
வாராவாரம் வருவது,
பழைய கம்பெனி போட்ட ஆர்டர்.
நிறுத்தச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை.
அதுவும் அந்தப் பட்டியலோடு போயிருக்கும்.
"எங்கக்கா ஊத்தறது?" என்றான் அன்வர்.
எஞ்சின் வாயை மூடிக்கொண்டு நின்றது.
"திருப்பி எடுத்துட்டுப் போனா
ஓனர் என்னை உரிச்சிடுவாரு."

கஜபதி வளையத்தை எடுத்தார்.
முப்பத்தொன்பதாவது சாவி
பின்கேட்டைத் திறந்தது.
அந்தப் பக்கம் சந்து.
நாலு நாளாகக் குழாயில் காற்று மட்டும் வருகிற சந்து.

யாரும் கூப்பிடவில்லை.
முதலில் ஒரு பச்சைக் குடம் வந்தது.
பிறகு பிளாஸ்டிக்குக்கு உள்ள எல்லா நிறமும்.
கூடவே சண்டையும்,
"ஏய், நான் அப்பவே கல்லு வச்சேன்!"
அன்வர் வால்வைத் திருகினான்.
உஸ்ஸென்று பாய்ந்த சத்தத்தில்
வாசல்வரை போய்விட்ட அந்தப் பையன்
திரும்பிப் பார்த்தான்.

சீட்டில் அச்சடித்திருந்தது:
'எஞ்சினில் நிரப்பப்பட்டது.'
கீழே நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஆவணி.
லாரி ஞாயிறு தவறாமல் வருகிறது.
பில்லை இவர்கள் கட்டுவதாக அவர்களும்
அவர்கள் கட்டுவதாக இவர்களும்
நினைத்துக்கொண்டிருக்கலாம்.
நான் யாருக்கும் மெயில் போடவில்லை.
கேட்டால் சட்டையைக் காட்டுவேன்.

இன்னும் நாலு சாவிக்குப் பூட்டு தெரியவில்லை.
மத்தியானங்களில் கஜபதி
யார்டைச் சுற்றி நடக்கிறார்,
வளையம் குலுங்க.